உறவுமுறை: தம்பி

கூட்டத்துக்கு வந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடங்களும் வருமாறு.

கேப்டன் தெட் பாய்ங், சோபாவின் நடுவில். வட்டார அலுவலகத்தின் மேற்குச் சுவர் நிலநடுக்கத்தில் பிளந்துவிட்டதால் சோபாவை வெளியே புளியமரத்தடிக்குக் கொண்டுவந்து, மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அவருக்கு இடப்பக்கம், அரை முழம் தாழ்வான பிளாஸ்டிக் நாற்காலியில் வட்டார நிர்வாகி ஊ பா நியோ. சோபாவுக்குப் பின்னால் நின்றபடி இரண்டு சிப்பாய்கள். ஒரு கால் குட்டையான மேஜையில், அந்தக் காலுக்குச் செங்கல் வைத்து, நான். என் பெயர் ஊ சான் தின். மனுவும் கடிதமும் எழுதிக் கொடுப்பது என் தொழில். அலுவலகக் குமாஸ்தா போன வருடம் காணாமல் போனதிலிருந்து கூட்டக் குறிப்பும் என் தலையில்தான். அவன் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

பாயில் ஐம்பத்துமூன்று வீட்டுத் தலைவர்கள். முதல் வரிசையில் வெற்றிலைக் கடை கோ தோ. இரண்டாவது வரிசையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், மொஹிங்கா என்னும் மீன்குழம்புச் சேமியா விற்கும் டோ சீன் மியா. அவள் மகன் யான் ஷின், வயது இருபது, பாயில் உட்காராமல், கூட்டத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே சைக்கிளில் சாய்ந்து நின்றான்.

சோபாவுக்கு இரண்டு பக்கமும் மின்விசிறி வைத்திருந்தார்கள். மின்சாரம் இல்லை. அதிகாரி உட்காரும் இடத்தில் மின்விசிறி இருக்க வேண்டும் என்றுதான் உத்தரவு, சுற்ற வேண்டும் என்று இல்லை. எனவே எல்லோர் கையிலும் காகித விசிறி இருந்தது, கேப்டன் கையிலும். எங்கள் பக்கம் சாவுக்கு வருகிறவர்களுக்கு இறந்தவர் பெயரும் வயதும் அச்சடித்த விசிறி கொடுப்பது வழக்கம். நிலநடுக்கத்தில் எங்கள் வட்டாரத்தில் செத்த பன்னிரண்டு பேரையும் மடத்துப் பிக்குமார் ஒரே நாளில் எரித்தார்கள். ஆகவே விசிறியும் ஒன்றுதான். முன்பக்கம் தாமரை, பின்பக்கம் பன்னிரண்டு வரி. கேப்டனுக்குக் கசங்காத ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்திருந்தார்கள். அவர் பன்னிரண்டு பேரையும் சேர்த்து நிதானமாக வீசிக்கொண்டிருந்தார்.

நிலநடுக்கம் வந்து இருபத்தைந்தாம் நாள் அது.

கேப்டன் பேசினார். நான் எழுதிக்கொண்டேன்.

"இந்த வட்டாரத்துல நெருக்கடின்னு ஒண்ணும் கிடையாது. அரசாங்கம் அறிவிச்சாத்தான் அது நெருக்கடி. அறிவிக்காத வரைக்கும் அது உங்க சொந்தச் சிரமம். அரிசி விலை ஏறிடுச்சுன்னு பேசிக்கறீங்க. ஏறல. இத்தனை நாளா நீங்க விலை கம்மியா வாங்கிட்டிருந்தீங்க, அதை நாங்க கண்டுக்காம விட்டோம். சண்டை ஆத்துக்கு அந்தப் பக்கம் நடக்குது. இந்தப் பக்கம் வர்றது சத்தம் மட்டும்தான். நிலநடுக்கம் வந்தது. ஒத்துக்கறேன். ஆனா ஒன்றரை நிமிஷத்துல நிலைமை முழுக்கக் கட்டுக்குள்ள வந்துடுச்சு. வேற எந்த ஆட்சியிலயாவது இவ்வளவு சீக்கிரம் நின்னிருக்கா?"

ஊ பா நியோ கை தட்டினார். நாங்களும் தட்டினோம். விசிறியைப் பிடித்துக்கொண்டு தட்டியதால் சத்தம் அவ்வளவாக வரவில்லை.

முதல் அலுவல், இன்னல் படிவம். உதவி கேட்கும் வீடு எதனால் பாதிக்கப்பட்டது என்று அதில் குறிக்க வேண்டும். நிலநடுக்கம், வெள்ளம், தீ, ஆயுதமேந்தியவர்களின் தொல்லை, நோய் என்று ஐந்து கட்டங்கள். ஒன்றில்தான் குறியிடலாம். இரண்டில் குறியிட்டால் படிவம் செல்லாது.

கோ தோ எழுந்தார். "ஐயா, என் வீடு நிலநடுக்கத்துல விழுந்துச்சு. நாலு நாள் கழிச்சு அதே இடத்துல குண்டு விழுந்துச்சு. எதுக்குக் குறி போடட்டும்?"

"முதல்ல விழுந்தது எது?"

"வீடு."

"அப்ப நிலநடுக்கம்."

"குண்டு?"

"வீடே இல்லாத இடத்துல விழுந்திருக்கு. அதனால உனக்குச் சேதம் இல்ல."

"சேதம் இல்லீங்க. ஓட்டை மட்டும்தான்," என்று சொல்லிவிட்டு கோ தோ உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம யோகம். சரியான வரிசையில விழுந்துருக்கு," என்றார்.

இரண்டாவது அலுவல், இரவு விருந்தாளிப் பட்டியல். யார் வீட்டிலாவது வெளியாள் தங்கினால் பொழுது சாய்வதற்குள் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். வந்த நேரம், புறப்பட்ட நேரம், உறவுமுறை எல்லாம் வேண்டும். போன வருடத்திலிருந்து ரத்த உறவு தவிர வேறு யாரும் தங்கக் கூடாது. அதனால் அந்த ஒரு வருடத்தில் எங்கள் ஊரில் ரத்த உறவு நிறையப் பெருகியது. தையல் மிஷின் விற்க வந்தவரை மாமா என்று எழுதினேன். நாட்டு வைத்தியரைப் பெரியப்பா என்று மூன்று வீட்டுக்கு எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எதிரே வருகிற யாரையும் நாங்கள் அக்கா, அண்ணன், தம்பி என்றுதான் கூப்பிடுகிறோம். கூப்பிடுவதை எழுதினேன், அவ்வளவுதான்.

இப்போது சிக்கல் வேறு. வீடு போனவர்கள் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்தில் படுக்கிறார்கள். அவர்கள் யாருடைய விருந்தாளிகள்? இதை முக்கால் மணி நேரம் விவாதித்தார்கள். முடிவு: வடக்குக் கோல்கம்பம் ஒரு வீடு, தெற்குக் கோல்கம்பம் ஒரு வீடு. நடுக்கோட்டில் படுக்கிறவர்கள் எந்தப் பக்கம் தலை வைக்கிறார்களோ அந்தக் கம்பத்தைச் சேர்ந்தவர்கள்.

"தூக்கத்துல புரண்டு படுத்தா?" என்று கோ தோ கேட்டார்.

"புறப்பட்ட நேரம், வந்த நேரம் ரெண்டும் எழுதிக் கொடு," என்றார் ஊ பா நியோ. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மூன்றாவது அலுவல், படைக்கு ஆள் எடுக்கும் குலுக்கல். எங்கள் வட்டாரத்துக்கு ஐந்து பேர். பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வரை உள்ள ஆண்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டிருந்தார்கள். யான் ஷின் பெயர் அதில் இல்லை. தாயைத் தனியாகக் காப்பாற்றும் ஒரே ஆண் என்று அவனுக்கு விலக்கு உண்டு. அந்த மனுவை நான்தான் எழுதினேன். நான் எழுதியதில் அனுமதியான மனு அது ஒன்றுதான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்கு சீட்டு எடுத்தார்கள். நான்கு வீட்டில் அழுகை எழுந்து, உடனே அடங்கியது. ஐந்தாவது சீட்டை ஊ பா நியோ விரித்துப் படித்தார்.

"டோ சீன் மியா வீடு. நே லின் தூ."

யாரும் எழுந்திருக்கவில்லை.

"எங்க வீட்டுல அப்படி யாரும் இல்லீங்களே," என்றாள் டோ சீன் மியா.

ஊ பா நியோ பட்டியலைப் புரட்டினார். "இருக்காரேக்கா. உங்க தம்பி."

"எனக்குத் தம்பியே கிடையாது. கூடப் பிறந்தது எல்லாம் பொண்ணுங்க."

"தம்பின்னு எழுதியிருக்கே. போன மாசம் வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சேகாலுக்கு வந்திருக்கார். புறப்பட்ட நேரம் எழுதல."

என் பேனா நின்றுவிட்டது. அவர் கையில் இருந்த படிவத்தை நான் எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வியாழக்கிழமை இருபத்தெட்டுப் படிவம் எழுதினேன். அதில் ஒன்று, டோ சீன் மியாவின் சோலார் பாட்டரியைப் பழுதுபார்க்க மியின்ஜானிலிருந்து வந்த பையனுக்கு. வேலை முடிவதற்குள் ஊரடங்கு நேரம் வந்துவிட்டது, தங்க வேண்டியதாயிற்று. பாட்டரி பழுதுபார்ப்பவர் ரத்த உறவு ஆகமாட்டார். ஆகவே தம்பி. மறுநாள் வெள்ளிக்கிழமை மதியம் நிலநடுக்கத்தில் செங்கல் சுவர் அவன் மேல் விழுந்தது. யான் ஷினும் நானும் கோ தோவும் கையாலேயே தோண்டி எடுத்தோம். அவனுடைய போன் நசுங்கிக் கிடந்தது. அவனிடம் இருந்த காகிதம் எதுவும் படிக்கிற மாதிரி இல்லை. படிவ நகல் வைத்திருந்த என் கொட்டகையும் விழுந்துவிட்டது, அசல் இருந்த அலுவலகத்துக்குள் யாரையும் விடவில்லை. டோ சீன் மியா அவனைத் தம்பி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் பெயர் அவளுக்கும் நினைவில்லை. விசிறியில் பன்னிரண்டாவது வரியை மடத்தில் இப்படித்தான் அச்சடித்தார்கள்: "தம்பி. பாட்டரி பழுதுபார்க்க மியின்ஜானிலிருந்து வந்தவர். வயது இருபத்தைந்துக்குள்."

டோ சீன் மியா தன் கையில் இருந்த விசிறியைத் திருப்பிப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளை பேரு நே லின் தூவா," என்று யாரிடமும் இல்லாமல் சொன்னாள். எரித்து இருபத்திரண்டு நாள் கழித்து அவன் பெயர் எங்களுக்குக் குலுக்கலில் விழுந்தது.

பிறகு எழுந்து நின்றாள். "ஐயா, அவன் செத்துட்டான். நீங்க வீசிட்டிருக்கீங்களே, அந்த விசிறியிலயே இருக்கு. கடைசி வரி."

கேப்டன் வீசுவதை நிறுத்தி, விசிறியைத் திருப்பி, பன்னிரண்டு வரியையும் படித்தார். நிதானமாகத்தான் படித்தார். அவர் முரடர் இல்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். குரலை ஒருமுறைகூட உயர்த்தவில்லை.

"தம்பின்னுதான் போட்டிருக்கு," என்றார். "நீங்களே அச்சடிச்சு ஊருக்கெல்லாம் கொடுத்துட்டு, தம்பி இல்லேங்கறீங்க."

"செத்தவங்க பட்டியல்ங்க அது."

"இது விசிறிம்மா. காத்துக்கு வச்சிருக்கறது. உறவுமுறைக்கு வேணும்னா இதை ஆதாரமா எடுத்துக்கலாம். சாவுக்குச் சர்டிபிகேட் வேணும்."

"சரி, அவன் வரல. வர முடியாது. என்ன செய்யறது?"

"சீட்டு விழுந்தவர் வரலேன்னா அதே வீட்டு ஆம்பளை வரணும்."

"என் மகனுக்கு விலக்கு கொடுத்திருக்கீங்க. ஒத்த ஆம்பளைன்னு."

"ஒத்த ஆம்பளை இருந்தப்ப கொடுத்தோம். இப்ப உங்க வீட்டுல ரெண்டு பேரு. மகன் போனா தம்பி காப்பாத்துவார்."

கயிற்றுக்கு வெளியே யான் ஷின் சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டிருந்தான். சிப்பாய்களில் ஒருவன் அவனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். கூட்டம் முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஐந்து பேரும் வர வேண்டும். அன்று செவ்வாய்.

புதன்கிழமை டோ சீன் மியாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆஸ்பத்திரிக் கட்டடம் விரிசல் விட்டிருந்ததால் கூடாரத்தில் நடந்தது. ஒரே டாக்டர், படையிலிருந்து அனுப்பப்பட்டவர். கண் இரண்டும் சிவந்து கிடந்தது.

"ஆளைக் கொண்டுவந்தீங்களா?" என்றார்.

"செத்துட்டாருங்க," என்றேன்.

"அதைத்தானே நான் பார்த்துச் சொல்லணும். நீங்களே சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு?"

"எரிச்சாச்சுங்க."

"சர்டிபிகேட் இல்லாம எரிச்சது குத்தம். யாரு எரிச்சது?"

மடத்தின் பெயரைச் சொல்லவில்லை. தெரியாது என்றோம். தெரியாத ஒருவர் எரித்த, தெரியாத ஒருவரின் சாவுக்கு அவர் எழுத முடியாதுதான். அதில் நியாயம் இருந்தது. பேசிக்கொண்டே அவர் உட்கார்ந்த வாக்கில் கண் அயர்ந்துவிட்டார். எழுப்ப மனசு வராமல் வந்துவிட்டோம்.

வியாழக்கிழமை அலுவலகத்துக்கு நான் மட்டும் போனேன். இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவு செய்திருந்தேன். ஊ பா நியோவிடம், "உறவுமுறை நான் எழுதினது. தப்பா எழுதிட்டேன். எம்மேல நடவடிக்கை எடுத்துக்குங்க. அந்தப் படிவத்தை ரத்து பண்ணிடுங்க," என்றேன்.

அவர் என்னைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர். ஒரே பள்ளிக்கூடம். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்காரச் சொன்னார்.

"அண்ணே, கேளு. தப்பா எழுதினது நீ. கையெழுத்துப் போட்டது அந்தக்கா. ரெண்டு பேருக்கும் மூணு மாசம் உள்ள. சரியா? அந்தக்கா உள்ள போயிட்டா யான் ஷின் யாரைக் காப்பாத்தப் போறான்? அம்மாவைக் காப்பாத்தறான்னுதானே விலக்கு. விலக்கு போச்சு. அவன் படைக்குப் போறான்."

"புறப்பட்டுப் போயிட்டான்னு எழுதிக்குங்க."

"சீட்டு விழற வயசுல இருக்கறவன் சொல்லாமக் கொள்ளாமப் புறப்பட்டா, அவனை ஓட விட்டது யாரு? வீட்டுக்காரி. அப்பவும் உள்ள. அப்பவும் யான் ஷின் போறான்."

"செத்துட்டான்னு…"

"சர்டிபிகேட் இருக்கா?"

அவர் பல்லிடுக்கில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"எனக்கு மட்டும் ஆசையாண்ணே? அஞ்சுன்னு சொல்லிட்டாங்க. நாலு கொடுத்தா அஞ்சாவது என் மருமகன்." கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நே லின் தூ வந்தா என்ன?"

"எப்படி வருவான்?"

"காகிதத்துல வரட்டும். விருப்பத்தோட சேர்ந்தார்னு எழுதுவோம். முகாம்ல காகிதத்தை எண்ணித்தான் கையெழுத்துப் போடறாங்க. ஆளை எண்ணறது அப்புறம். அப்ப ஒருத்தன் குறைஞ்சா அது முகாமோட கணக்கு, நம்ம வட்டாரத்தோட கணக்கு இல்ல."

"அப்புறம் முகாம்ல இருந்து ஓடிட்டான்னு சொல்லி அக்கா வீட்டுக்குத் தேடி வருவாங்களே."

"வருவாங்க. அதுக்கு ஒரு மாசம் ஆகும்."

ஒரு மாதம் என்பது எங்களுக்கு அப்போது நிறைய. ஒரு மாதத்தில் மழைகூட வந்துவிடும். டோ சீன் மியாவிடம் போய்ச் சொன்னேன். மைதானத்தில், வடக்குக் கோல்கம்பத்துக்குப் பக்கத்தில், சேமியா ஊற வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு ஈரக் கையைத் துடைத்தாள்.

"செத்தவனைப் பட்டாளத்துக்கு அனுப்பறதா?"

"உசிரோட இருக்கறவனை அனுப்பாம இருக்கறதுக்கு."

"அவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே அண்ணே." பிறகு, "சரின்னு சொல்லிடு," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புளியமரத்தடியில் அதே சோபா, அதே இரண்டு மின்விசிறி. நான்கு பையன்கள் வரிசையாக நின்றார்கள். ஐந்தாவது இடத்தைக் காலியாக விட்டு நிற்கும்படி ஊ பா நியோ சொல்லியிருந்தார். கேப்டன் வரிசையைப் பார்த்தார். காலி இடத்தையும் பார்த்தார். கையில் இருந்த ஐந்து காகிதத்தையும் பார்த்தார். காகிதம் சரியாக இருந்தது.

"இதுல ஒருத்தர் தானா முன்வந்தவர்," என்று ஊ பா நியோ அழுத்திச் சொன்னார்.

கேப்டனுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அவருக்கும் மேலே யாரோ ஒரு எண் சொல்லியிருப்பார்கள்.

"தானா முன்வந்தவங்க குடும்பத்துக்கு வாழ்த்துக் கடிதம் அனுப்பணும்னு புது உத்தரவு," என்றார். "தாய் எங்கே இருக்காங்க?"

படிவத்தோடு அவனுடைய ஊர் நிர்வாகி கொடுத்த சான்றுக் காகிதமும் இணைத்திருந்தது. கேப்டன் வாய்விட்டுப் படித்தார். தாய் டோ ஒன் ஷ்வே, நூல்கடைச் சந்து, மியின்ஜான். வயது நாற்பத்தேழு. விதவை. எனக்கு அந்த விலாசம் அப்போதுதான் தெரிந்தது. டோ சீன் மியா உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொள்வதைப் பார்த்தேன்.

கேப்டன் புருவத்தைச் சுருக்கினார். "அக்காவோட வயசு என்ன?"

"ஐம்பத்திநாலுங்க," என்றாள் டோ சீன் மியா.

"தம்பியோட அம்மாவுக்கு நாற்பத்தேழு. அப்ப உங்க அம்மாவுக்கும் நாற்பத்தேழு. அம்மாவை விட நீங்க ஏழு வயசு மூத்தவங்க."

எல்லாம் இங்கே உடைந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு கணம், உடையட்டும் என்றுகூட இருந்தது. ஆனால் இந்த இயந்திரத்தை நான் குறைவாக எடை போட்டிருந்தேன்.

"எங்கேயோ எழுத்துப் பிழை," என்றார் கேப்டன். "மியின்ஜான் காகிதத்துல முத்திரை இருக்கு, அதைத் திருத்த முடியாது. இவங்க வயசு இங்க உள்ள பதிவுதானே. முப்பதுன்னு திருத்துங்க."

ஊ பா நியோ திருத்தினார். அந்த இடத்திலேயே டோ சீன் மியாவுக்கு முப்பது வயது ஆயிற்று.

"மகனுக்கு இருபதுங்களே," என்று நான் மெதுவாக நினைவுபடுத்தினேன். "பத்து வயசுல…"

"அது சுகாதாரத் துறை பார்த்துக்கற விஷயம்."

ஊ பா நியோ என் காதருகே குனிந்தார். "பெண்களுக்கும் குலுக்கல் வரும்னு பேச்சு இருக்கு. முப்பத்தஞ்சுக்குக் கீழ. அக்காகிட்ட இப்பச் சொல்லாதே." எனக்குப் பின்னால் நின்ற கோ தோவுக்கு அது கேட்டுவிட்டது. "முப்பது வயசுக்காரி கையால மொஹிங்கா," என்று முனகினார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை.

கடிதத்தை கேப்டன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"மதிப்புக்குரிய தாய் அவர்களுக்கு. தங்கள் மகன் நே லின் தூ நாட்டின் அழைப்பை ஏற்று மகிழ்ச்சியுடன் படையில் சேர்ந்துள்ளார். நல்ல உடல்நலத்துடன் இருக்கிறார். பயிற்சிக் காலத்தில் தொலைபேசியில் பேச இயலாது. அவரைத் தேடி வர வேண்டாம். இப்படிப்பட்ட மகனைப் பெற்ற தங்களை இந்த வட்டாரம் பாராட்டுகிறது."

"ஐயா," என்றாள் டோ சீன் மியா. "ஒரு வரி சேர்த்துக்கலாமா? சாப்பாட்டைப் பத்தி. பெத்தவ அதைத்தான் முதல்ல தேடுவா."

"நல்ல யோசனை. 'நன்றாகச் சாப்பிடுகிறார்'னு எழுது."

"அன்னைக்குக் காலையில எங்கிட்ட ரெண்டு கிண்ணம் மொஹிங்கா வாங்கிச் சாப்பிட்டான். கடலை வடை நிறையப் போடச் சொன்னான். 'நல்லாச் சாப்பிட்டான்'னு போடுங்க."

"சாப்பிட்டார்னு போட்டா என்னமோ முடிஞ்சு போன மாதிரி இருக்கும்மா. சாப்பிடுகிறார்."

சாப்பிடுகிறார் என்று எழுதினேன்.

உறை இல்லை. இருபத்தெட்டு நாளாக ஊரில் கடை திறக்கவில்லை. "இருக்கற காகிதத்துல மடிச்சுக்கிட்டு வா, லாரி கிளம்பறதுக்குள்ள," என்றார் கேப்டன்.

பானைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். டோ சீன் மியா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் விசிறியிலிருந்து மூங்கில் குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அட்டையை என்னிடம் நீட்டினாள்.

"இதுல மடி."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். "சீன் மியா, யோசிச்சுத்தான் சொல்றியா? அந்தம்மாவுக்குத் தெரிஞ்சு இங்க அழுதுட்டு வந்து நின்னா, ஒரு மாசம்கூட மிஞ்சாது. யான் ஷின்…"

"தெரியும்." கயிற்றுக்கு வெளியே நிற்கும் மகனை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "இருபத்தெட்டு நாளா போன் வரும்னு உட்கார்ந்திருப்பா அண்ணே. இந்தக் கடிதாசு போச்சுன்னா சாகற வரைக்கும் உட்கார்ந்திருப்பா. ஏழாம் நாள் சோறுகூட நாமதான் படைச்சோம், அவ படைக்கல."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. உறை மடிக்கும் வேலை எனக்கு நன்றாகத் தெரியும். எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பினேன். தாமரை வெளியே வந்தது. அது நிறம் மங்கித்தான் இருந்தது, அதன் மேலே விலாசம் எழுதலாம். நான்கு பக்கமும் அளந்து, பன்னிரண்டாவது வரி சரியாக மேல் மடிப்புக்குக் கீழே வரும்படி மடித்தேன். ஒட்டியதைப் பிரித்தால் முதலில் அதுதான் கண்ணில் படும். கடிதத்தை நிதானமாகப் பிரிக்கிறவர்கள் உண்டு, ஓரத்தைக் கிழித்து உள்ளே இருப்பதை மட்டும் உருவிக்கொண்டு உறையை அடுப்பில் போடுகிறவர்களும் உண்டு. முப்பது வருடமாக ஊருக்கே கடிதம் எழுதுகிறேன், இரண்டு ரகத்தையும் பார்த்திருக்கிறேன். நூல்கடைச் சந்து டோ ஒன் ஷ்வே எந்த ரகம் என்று தெரியவில்லை.

கேப்டன் கடிதத்தை ஒருமுறை படித்துச் சரிபார்த்து, உறைக்குள் வைத்தார்.

"உறை கெட்டியா இருக்கே."

"நல்ல அட்டைங்க," என்றேன். "தூரம் போகணும்ல."

"தாமரை வேற. பொருத்தமாத்தான் இருக்கு." கஞ்சிப் பசையை விரலில் எடுத்து மேல் மடிப்பில் அவரே தடவினார். உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, அதன் மேல் வட்டார முத்திரையைக் குத்தினார். மை காயட்டும் என்று மடியில் இருந்த தன் விசிறியை எடுத்து நாலு தடவை வீசினார்.

லாரியில் நான்கு பையன்களும் ஏறினார்கள். ஐந்தாவது காகிதத்தை டிரைவர் மற்ற நான்கோடு சேர்த்துக் கிளிப்பில் செருகிக்கொண்டான். கடிதத்தைச் சட்டைப் பைக்குள் போட்டான். அது நீளமாக இருந்ததால் தாமரையின் மேல்பாதி வெளியே தெரிந்தது. வண்டி ஆற்றுப் பாலத்துப் பக்கம் திரும்பியது.

கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டேன்: காலை பத்து நாற்பது. கடிதம் ஒன்று, ஒட்டப்பட்டு, அனுப்பப்பட்டது.